ஒன்றியப் பள்ளியை இடித்துக் கட்டப்போகிறார்களா? எஸ்டிமேட்டுக்கு முன்பே பேசுங்கள்

மாதனூர் ஒன்றியத்தில் உங்கள் பிள்ளை படிக்கும் தொடக்கப் பள்ளி பழைய கட்டடமா? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மூலை ஒழுகுகிறதா? கூரைக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு என்றைக்காவது வரும். அந்தப் பேச்சில் உங்களுக்கும் இடமுண்டு. எங்கே, எப்போது, என்ன பேசுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர் பேச்சுக்கு மதிப்பிருக்கும் காலம் மிகக் குறுகியது. பொறியாளர் எஸ்டிமேட் (என்ன கட்டுவது, எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டுக் கணக்கு) போட்டு, அதற்கு அனுமதி கிடைக்கும் வரைதான் அந்தக் காலம். அதன்பிறகு ‘ஜன்னலை இந்தப் பக்கம் வையுங்கள்’ என்றால், ஒப்பந்ததாரர் ‘எஸ்டிமேட்டில் இல்லையே’ என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

‘பள்ளிக்கூடம் யாருடையது? யாரிடம் போய்க் கேட்பது?’

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் அதற்கு இரண்டு எஜமானர்கள். ஆசிரியர், பாடம், தேர்வு எல்லாம் தொடக்கக் கல்வித் துறையைச் சேர்ந்தவை; அந்தப் பக்கம் உங்களுக்கு அருகில் இருப்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்துடையது. அதைக் கவனிப்பவர்கள் மாதனூர் ஒன்றிய அலுவலகத்தில், நாம் பி.டி.ஓ. ஆபீஸ் என்று சொல்லும் இடத்தில், இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சீயரும். 2019 நவம்பர் 28 முதல் மாதனூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால், மேலிடத்து மனு இப்போது வேலூருக்குப் போகாது. திருப்பத்தூர் ஆட்சியருக்குத்தான் போகும்.

தலைமை ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், அவர் தன் துறைக்கு எழுதுவார். அந்தக் காகிதம் கட்டடம் கட்டுகிற துறைக்கு வந்து சேர நாளாகும். ஆகவே உங்கள் மனுவை இரண்டு அலுவலகங்களுக்கும் கொடுத்து, இரண்டிலும் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

‘சும்மா ஒரு பெற்றோர் நான். என் பேச்சுக்குச் சட்டத்தில் ஏதாவது பலம் உண்டா?’

உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்டதாக இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். தலைவர் ஒரு தாயாக இருப்பார்.

இதைவிட முக்கியமானது அடுத்த பிரிவு. 22-ஆம் பிரிவின்படி, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை (பள்ளிக்கு வரும் ஆண்டுகளில் என்னென்ன வேண்டும் என்ற எழுத்துப் பட்டியல்) எழுத வேண்டியது இந்தக் குழுதான். அரசு அந்தப் பள்ளிக்குத் தீட்டும் திட்டத்துக்கும் தரும் மானியத்துக்கும் அந்தப் பட்டியல்தான் அடிப்படை என்று சட்டமே சொல்கிறது. பெரும்பாலான ஊர்களில் இது யாருக்கும் தெரிவதில்லை. தலைமை ஆசிரியர் ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கிவிடுகிறார். அவர்மேல் பழி போட்டுப் பயனில்லை. கேட்க ஆள் வராத இடத்தில் வேறு எப்படி நடக்கும்?

‘கூட்டத்துக்கு எப்படிப் போவது? அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேனே?’

நம் பகுதியில் இதுதான் பெரிய சிக்கல். ஆம்பூரைச் சுற்றிய ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்களே அதிகம். காலையில் கம்பெனி வண்டி ஏறினால், திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமோ வேலைநாளில், மாலை மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி நடக்கும். அப்போது யார் வருவார்கள்? வீட்டில் இருக்கும் பாட்டி வருவார், வேலைக்குப் போகாத நான்கைந்து பேர் வருவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று யாரையும் சொல்ல முடியாது.

ஆனால் கட்டடத்தைப் பற்றிய கூட்டம் மாதாந்திரக் கூட்டம் மாதிரி இல்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையிலோ இரவு ஏழு மணிக்குப் பிறகோ வைக்கச் சொல்லி, குழுத் தலைவர் வழியாகத் தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கேட்டால் ‘முடியாது’ என்பதையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். உருது பேசும் குடும்பங்கள் உள்ள தெருவென்றால், அறிவிப்பு உருதுவிலும் இருக்கட்டும். அழைப்பு புரியாததால் வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம்.

பள்ளிக் குழுவில் தீர்மானம் நிறைவேறிய பிறகு, அதையே கிராம சபையிலும் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இவற்றில் பல நாட்கள் கம்பெனிக்கும் விடுமுறைதான். ஊராட்சி வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சொன்னது வேறு, எழுதியது வேறாக இருப்பது புதிதல்ல.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா? முன்னால் எங்காவது நடந்திருக்கிறதா?’

நடந்திருக்கிறது, அதுவும் நம் மாநிலத்தில், பெரிய அளவில். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பள்ளிகள் பெருகின, ஆனால் கட்டடத்துக்கும் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் அரசிடம் பணம் இல்லை. 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைக் கூட்டினார்கள். பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியர்களும் ஊராரும் முன்கூட்டியே பட்டியல் எழுதி வைத்தார்கள். மாநாட்டில் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவர் இடம் தந்தார், ஒருவர் ஓடு தந்தார், ஒருவர் நாற்காலி தந்தார். அதன்பின் இந்த மாநாடுகள் மாநிலமெங்கும் பரவின.

அந்த முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது, நன்கொடையைவிட அந்தப் பட்டியல்தான். என்ன தேவை என்பதை ஊர் முதலில் எழுதியது. பணம் அதன் பின்னால் வந்தது. இப்போது நடப்பது தலைகீழ். திட்டம் வருகிறது, நிதி வருகிறது, பிறகுதான் எந்த ஊருக்கு என்ன என்று தேடுகிறார்கள்.

நம் பாலாற்றங்கரைத் தோல் வணிகர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் கல்விக் கழகங்கள் வைத்துப் பள்ளிகள் கட்டினார்கள். ஊர்ப் பணத்தில் பள்ளிக்கூடம் எழுவது இந்தப் பக்கத்தில் நூறாண்டுப் பழக்கம்.

‘பழசு என்றாலே இடிக்கத்தான் வேண்டுமா?’

வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

பொதுவாக, சுவரில் மயிரிழை போல மேல்பூச்சில் ஓடும் கீறல் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், மாதத்துக்கு மாதம் அகலமாகும் விரிசல் வேறு. கூரைத் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி துருவேறி உப்பியிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. துரு பெருகப் பெருகக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. வகுப்பறையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையைப் பார்த்துப் பார்த்துக் கட்டும் நாம் கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை மறந்துவிடுகிறோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை அவசரமாகக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

அந்த அவசரத்தில் நல்ல கட்டடங்களும் போயிருக்கும் என்பது என் எண்ணம். கனமான சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் உள்ள பழைய வகுப்பறை, வேலூர் ஆம்பூர் வெயிலில் புதுக் கான்கிரீட் தளத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். சுவர் உறுதியாக இருந்து, மரச் சட்டமும் ஓடும் மட்டும் கெட்டிருந்தால், மாற்றிச் செப்பனிட என்ன ஆகும் என்று ஒரு கணக்கு கேளுங்கள். ‘இடிக்கலாம்’ என்ற சான்றோடு ‘செப்பனிட்டால் இவ்வளவு’ என்ற கணக்கும் கையில் இருந்தால்தான் ஊர் யோசித்து முடிவு செய்ய முடியும்.

‘இடித்துவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?’

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராமல் இடிப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பழையதை இடித்து, புதியது எழும்வரை ஒரு கல்வியாண்டு போய்விடக்கூடும். அந்த இடைவெளியில்தான் அரசுப் பள்ளிகள் பிள்ளைகளை இழக்கின்றன. மரத்தடியில் வகுப்பு, மழை வந்தால் விடுமுறை என்று ஆனதும், தவணைக்குக் கடன் வாங்கியாவது தனியார் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஏறிய பிள்ளை திரும்பி வருவது அரிது.

இதன் விளைவு கட்டடத்திலேயே தெரியும். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்பதும் அதே அட்டவணை. அதாவது உங்கள் பள்ளியில் 62 பேர் இருந்தால் மூன்று அறை கேட்கலாம். இடைவெளியில் நான்கு பேர் போய் 58 ஆகிவிட்டால், ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அறைதான் கணக்கு. ஆகவே சேர்க்கையைத் தக்கவைப்பதும் கட்டட வேலையில் ஒரு பகுதியே.

வாய்ப்பிருந்தால் பழையது நிற்கும்போதே வேறு மூலையில் புதியதைக் கட்டி, பிறகு பழையதை இடிக்கச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் வாடகை வீடோ சமுதாயக் கூடமோ பார்க்க வேண்டும். அப்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: மாதனூர் சென்னை பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. தற்காலிக இடம் சாலைக்கு மறுபக்கம் என்றால், ஆறு வயதுப் பிள்ளை தினமும் இரண்டு முறை அதைக் கடக்க வேண்டும். எவ்வளவு நல்ல கூடமாக இருந்தாலும் அது வேண்டாம் என்று சொல்லுங்கள். கழிப்பறையும் தண்ணீரும் சமைக்க இடமும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான். இடம் மாறினாலும் ஒரு நாளும் அடுப்பு அணையக் கூடாது.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: மாணவர் சேர்க்கைப் பதிவேடு. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதிக்கு இருக்கும் ஒரே சான்று அந்தப் பழைய பதிவேட்டில்தான் இருக்கிறது. ஓய்வூதியம், முதியோர் உதவித்தொகை, பெயர்த் திருத்தம் என்று வந்தால் அதைத்தான் தேடி வருவார்கள். இடிப்பதற்கு முன் எல்லாப் பதிவேடுகளையும் பட்டியலிட்டு, பூட்டுள்ள பீரோவில் வைத்து, எங்கே போகிறது என்று குழுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

‘பணம் எங்கிருந்து வரும்? எங்களிடம் வசூலிப்பார்களா?’

கட்டாயமாக எதுவும் வசூலிக்க முடியாது. தொடக்கக் கல்வி இலவசம் என்பது சட்டம். விருப்பப்பட்டுத் தருவது வேறு.

அரசின் பெரிய திட்டம் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 புதிய வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கான பெருந்தொகுதி வேலைக்கு 2023 பிப்ரவரி 1-இல் நம் பக்கத்துக் காட்பாடியில்தான் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்று ஊரக வளர்ச்சித் துறை வழியாகவும் வருகிறது. உங்கள் பள்ளி எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில் இருக்கிறது என்று பி.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

ஊரும் கைகொடுக்க முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மொத்தச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். முன்னாள் மாணவர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், 2022 டிசம்பர் 19-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாக நேரடியாக அனுப்பலாம்.

ஷூ கம்பெனிகளிடம் கேட்கலாமா? தாராளமாக. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவு, ஓர் ஆண்டில் 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. துத்திப்பட்டிலோ விண்ணமங்கலத்திலோ அப்படி லாபம் பார்க்கிற கம்பெனியிடம், அங்கேயே வேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் பள்ளிக்குக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் தனியாளாகக் கேட்காதீர்கள். குழுத் தீர்மானத்தோடும் பொறியாளர் போட்ட கணக்கோடும் கேளுங்கள். யார் கொடுத்தாலும் ரொக்கமாக யார் கையிலும் போக வேண்டாம்.

‘சரி, அரசு ஒரே மாதிரி வரைபடம் வைத்துத்தானே கட்டும்? நாங்கள் எதை மாற்ற முடியும்?’

அறையின் அளவு, தூண், கம்பிக் கணக்கு போன்றவை மாதிரி வரைபடப்படிதான் இருக்கும். அவற்றில் கைவைக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கட்டடத்தை மனையில் எங்கே, எந்தத் திசை பார்த்து, எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பது இடத்தைப் பொறுத்தது. அங்கேதான் உங்கள் அறிவு வேண்டும். சென்னையில் வரைபடம் போட்டவருக்கு உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எப்படித் தெரியும்?

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. குடியாத்தம் போகும் வழியில் இருந்த தரைப்பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குப் பள்ளி மனையில் தண்ணீர் எதுவரை ஏறியது? சுவரில் கறை இருந்தால் படம் எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, பொறியாளரிடம் கொடுங்கள். பேஸ்மெண்ட் அதற்கு மேலே வர வேண்டும். தரை உயர்ந்தால் சாய்தளமும் நீளும்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பல பள்ளிகளில் சாய்தளம் என்ற பெயரில் ஒரு சறுக்குமரம் இருக்கிறது. சக்கர நாற்காலிப் பிள்ளை அதில் தனியாக ஏறவே முடியாது.

அடுத்து வெயில். ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் எதிரெதிராக இருந்தால் காற்று குறுக்கே ஓடும். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் மாலை வகுப்பு வெந்துவிடும். தளத்தின் மேல் வெப்பம் தடுக்கும் வெள்ளை ஓடு பதிக்க எஸ்டிமேட்டில் இடமிருக்கிறதா என்று கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில் காந்தோ என்ற கிராமத்தில், பிரான்சிஸ் கேரே என்ற கட்டடக் கலைஞர் 2001-இல் தன் ஊர்க்காரர்களைக் கொண்டே ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். மண்கல் கூரைக்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரை ஒன்றைத் தூக்கி நிறுத்தினார்; சூடு அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். மின்விசிறி இல்லாமலே வகுப்பு நடந்தது. 2022-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. நம்மூர் வெயிலும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்.

சமையலறையைப் பற்றி, சமைப்பவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். காலை உணவைச் சுயஉதவிக் குழுப் பெண்களும், மதிய உணவைச் சத்துணவுப் பணியாளர்களும் சமைக்கிறார்கள். பாத்திரம் வேறு, நேரம் வேறு. அரிசி மூட்டை எங்கே இறங்கும், கழுவிய தண்ணீர் எங்கே போகும், புகை எந்த வகுப்புக்குள் நுழையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கழிப்பறைக்குப் பிள்ளைகளிடமே கேளுங்கள். எங்கே போகப் பயமாக இருக்கிறது, ஏன் போவதில்லை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: தாழ்ப்பாள் எட்டவில்லை, இருட்டு, தண்ணீர் இல்லை. மூன்றுமே எஸ்டிமேட் போடும்போது எளிதாகச் சரிசெய்யக்கூடியவை. பிறகு சரிசெய்வது மிகவும் கடினம். கரும்பலகையும் அப்படித்தான், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பழகத் தாழ்வான பலகை ஒன்று சுவரோடு வேண்டும்.

‘வேலை தொடங்கிவிட்டது. இனி நாங்கள் எதைப் பார்ப்பது?’

முதலில் தண்ணீரை. இது நம் தோல் வட்டாரத்துக்கே உரிய கவலை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். அந்த உப்பும் பதனிடும் ரசாயனமும் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியிருக்கின்றன. 1996-இலும், மீண்டும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றமே இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருக்கும், கம்பியை அரிக்கும் பொருள்) 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 456. பள்ளி போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். அளவு கூடினால் வேறு தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் அதைக் குடிக்கலாமா என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பழைய கட்டடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்று கேட்பவர்கள், அதைக் கட்டியபோது எந்தத் தண்ணீரைக் கலந்தார்கள் என்றும் விசாரித்துப் பார்க்கலாம்.

அடுத்து, தண்ணீர் காட்டுவது, அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைப்பது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கும் கடும் வெயிலுக்கும் 10 நாள். தளத்துக்கு அடியில் நிற்கும் சென்ட்ரிங் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது: பதினைந்து அடிக்குமேல் அகலமான தளத்துக்குக் குறைந்தது 14 நாள். தெருவில் போகிற எவரும் நின்று பார்த்துத் தேதி எழுதி வைக்கக்கூடிய விஷயங்கள் இவை. இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. வீடு கட்டிய மேஸ்திரியும் சித்தாளும் ஊரில் எத்தனை பேர்! அவர்களில் இருவரைக் குழுவின் சார்பில் வாரம் இருமுறை பார்க்கச் சொன்னாலே போதும்.

தவறு தெரிந்தால் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஓவர்சீயருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணத்தில் எஸ்டிமேட் நகல், அளவுப் புத்தகம் (நடந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். நேரில் வேலையைப் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

பிள்ளைகள் அதே வளாகத்தில் படிக்கும்போது வேலை நடந்தால், தகர வேலி கட்டாயம். இடிப்பு விடுமுறை நாளில் மட்டும்; ஜல்லி லாரி மணி அடிக்கும் நேரத்தில் உள்ளே வரக் கூடாது; திறந்த குழியும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்க வேண்டும். இவற்றையும் வேலை உத்தரவு வருவதற்கு முன்பே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

‘திறப்பு விழா முடிந்தது. அவ்வளவுதானே?’

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் தன் செலவில் குறை நீக்க வேண்டிய காலம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுத் தலைமை ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டுங்கள். அதற்குள் ஒரு மழைக்காலமாவது வரும். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கதவு வீங்கி அடைபடவில்லை என்று குழு எழுதிக் கொடுத்தால் அவர் சரிசெய்தாக வேண்டும். தேதி தாண்டினால் அந்தச் செலவு பள்ளியின் தலையில்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் யார் என்று பிள்ளையிடம் கேளுங்கள், அவரைப் பாருங்கள், பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். கட்டடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், அடுத்த கிராம சபைக்கு முன்னால் அந்த வரியை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.